கோடையைக் கடக்கும் வேர்: வரப்பு மரமும் மண்ணின் உட்பூசணமும்

திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடையே, பிரம்மதேசத்தைச் சுற்றியிருக்கும் கொல்லைகளும் வயல்களும் ஆண்டில் பாதிநாள் பயிரோடும் பாதிநாள் வெறுமையாகவும் கிடப்பவை. ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்து ஓய்ந்துவிடும். ஏரிப்பாசனத்துச் சம்பாவைத் தையில் அறுத்துவிடுவார்கள். மானாவாரிக் கொல்லையில் மல்லாட்டை என்னும் நிலக்கடலைக்குப் பின் தூவிய கொள்ளும் காராமணியும் தையோடு முடிந்துபோகும். கிணறு உள்ளவர்கள் மார்கழியில் மல்லாட்டையோ தர்பூசணியோ போட்டுச் சித்திரை வரை ஓட்டுவார்கள். மற்றவர்களின் நிலம் ஆடிப்பட்ட விதைப்பு வரை வெயிலில் காய்ந்து கிடக்கும். அதே மாதங்களில்தான் கிழக்கே மரக்காணத்து உப்பளப் பாத்திகளில் உப்பு விளைகிறது. உப்புக்கு உகந்த அந்த வெயில் வயல் மண்ணுக்குள் வாழும் ஓர் உயிரை என்ன செய்கிறது, அந்த உயிரைக் காக்க வரப்பில் நிற்கும் மரத்தால் முடியுமா என்பதே இந்தச் சொற்பொழிவின் பொருள். முடியும் என்பது என் முடிவு. மரம் நிழல் தரும், தழை தரும், மண்ணரிப்பைத் தடுக்கும் என்று வழக்கமாகச் சொல்கிறோம். கோடையில் வயலுக்கு உயிருள்ள வேரைத் தருவது மரம்தான் என்பதை நாம் சொல்வதில்லை. மானாவாரி விவசாயிக்கு அதுவே முதல் காரணமாக இருக்கலாம்.

அந்த உயிரின் பெயர் வேர் உட்பூசணம். உரக்கடையிலும் வேளாண்மை அலுவலகத்திலும் ‘வேம்’ என்பார்கள். பூ விட்டு நாற்பது நாள் ஆன மல்லாட்டைச் செடி ஒன்றைப் பிடுங்கி, மெல்லிய வேர்களைக் கழுவி, காரக் கரைசலில் கொதிக்கவைத்து நிறம் நீக்கி, டிரைபான் புளூ என்ற நீலச் சாயத்தில் ஊறவைத்து நுண்ணோக்கியில் வைத்தால் அதைக் கண்ணால் பார்க்கலாம். கண்ணாடிபோல் வெளுத்துத் தெரியும் வேர்ச் செல்களுக்கு இடையில் நீல இழைகள் ஓடும். சில செல்களுக்குள் அந்த இழை நுழைந்து, கிளைவிட்டு, மேலும் கிளைவிட்டு, செல்லை அடைத்துக்கொண்டு நிற்கும். பண்டமாற்று அந்த இடத்தில்தான் நடக்கிறது. பூசணம் மண்ணிலிருந்து மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவந்து கொடுக்கிறது. செடி தான் தயாரித்த சர்க்கரையையும் கொழுப்பையும் கொடுக்கிறது. மணிச்சத்து மண்ணில் எளிதில் நகராது. வேரைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூரத்துக்குள் இருப்பதை உறிஞ்சிவிட்டால், அதற்கு அப்பால் எவ்வளவு இருந்தாலும் வேருக்கு எட்டாது. முடியைவிடப் பலமடங்கு மெல்லிய பூசண இழை அந்த வறண்ட வட்டத்தைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் போய் எடுத்துவருகிறது. மல்லாட்டைக்கு இந்த உதவி மற்றப் பயிர்களைவிடக் கூடுதலாகத் தேவை. பெரும்பாலான செடிகளின் வேரில் அடர்ந்திருக்கும் வேர்த்தூவிகள் மல்லாட்டை வேரில் மிக அரிது. பக்கவேர் பிரியும் வெடிப்பு வழியாகத்தான் வேர்முடிச்சு பாக்டீரியாவே அதற்குள் நுழைகிறது. தூவி இல்லாத வேருக்குப் பூசண இழையே தூவியின் வேலையைச் செய்கிறது.

இந்த உறவு நேற்று வந்ததன்று. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற இடத்துக் கல்லில் பதிந்திருக்கும், ஏறக்குறைய 40 கோடி ஆண்டு பழைய தாவரங்களுக்குள் இதே கிளைவிட்ட இழைகளைக் கண்டிருக்கிறார்கள். முறையான வேர் தோன்றுவதற்கு முன்பே தாவரம் பூசணத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டது என்று பொருள். அவ்வளவு நீண்ட உறவின் விளைவாகப் பூசணம் ஒன்றை இழந்துவிட்டது. தனக்கு வேண்டிய கொழுப்பமிலங்களை முதலிலிருந்து தானே உண்டாக்கிக்கொள்ளும் திறன் அதற்கு இல்லை. செடிதான் கொடுத்தாக வேண்டும் என்பதைப் பல ஆய்வுக்கூடங்கள் 2017இல் காட்டின. காளானைப் போல மட்கும் வைக்கோலிலோ சாணத்திலோ இது பிழைக்காது. உயிருள்ள வேர் வேண்டும். வேர் இல்லாத காலத்தில் வித்தாக உறங்கலாம், காய்ந்த வேர்த்துண்டுக்குள் ஒடுங்கியிருக்கலாம், சேமித்ததை வைத்துக் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கலாம். பிறகு மெலியும். நான் சொல்லவிருப்பது எல்லாம் இந்த ஒரு பண்பிலிருந்து கிளம்புகிறது.

வேர் இல்லாத காலம் நீண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ஒரு நல்ல சான்று உண்டு. அங்கே டார்லிங் டவுன்ஸ் கரிசல் நிலங்களில் ஈரத்தைச் சேமிப்பதற்காக ஓராண்டுக்கும் மேலாகக் களைகூட விடாமல் தரிசு போடும் வழக்கம் இருந்தது. ஈரம் சேர்ந்தது, ஆனால் அதன்பின் விதைத்த பயிர் குன்றிப்போய், மணிச்சத்தும் துத்தநாகமும் போதாத அறிகுறிகளோடு நின்றது. மண்ணில் அந்தச் சத்துகள் இல்லாமல் இல்லை. ஜான் தாம்சன் என்ற ஆய்வாளர் 1987இல் காரணத்தைத் தெளிவாக்கினார்: நீண்ட தரிசில் உட்பூசணம் அருகிப்போயிருந்தது. நம் ஊர்த் தரிசு ஐந்தாறு மாதம்தானே, ஓராண்டு இல்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து 1989இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் இருக்கிறது. ஜாஸ்பர், அபட், ராப்சன் மூவரும் காய்ந்த மண்ணில் பூசண இழை எவ்வளவு காலம் வீரியத்தோடு இருக்கும் என்று பார்த்தார்கள். மண்ணைக் கிளறாமல் விட்டால் காய்ந்த நிலையிலும் இழை வீரியம் இழக்கவில்லை, கிளறிவிட்டால் இழந்தது. காய்ச்சல் மட்டும் அதைக் கொல்வதில்லை. காய்ச்சலும் கலப்பையும் சேர்ந்து கொல்கின்றன. நம் கொல்லைகளில் தைக்கும் ஆடிக்கும் இடையே இரண்டும் நடக்கின்றன. கோடை மழைக்கு ஓர் உழவு, விதைப்புக்கு முன் இரண்டு மூன்று உழவு, கடைசியில் ரோட்டவேட்டர். ஆண்டுக்கணக்கில் நீளாத தரிசாக இருந்தாலும், இழை துண்டாக்கப்பட்ட பின் அது ஒட்டிப் பிழைக்கப் பக்கத்தில் உயிருள்ள வேர் எதுவும் இல்லை.

மரம் நுழைய வேண்டிய இடம் இது. பனையோ பூவரசோ புங்கனோ வேம்போ கோடையிலும் வேரோடு உயிரோடு இருக்கிறது. இவை அனைத்தும் பயிர்களைப் போலவே இதே வகை உட்பூசணத்தை வேரில் ஏற்றுக்கொள்பவை. அந்தப் பூசணம் பெரும்பாலும் ஒரே செடிக்கென்று நேர்ந்துவிடப்பட்டது அன்று. மரத்தின் வேரில் வாழ்வதே பயிரின் வேரிலும் வாழும். மரம் தன் வேரில் கோடை முழுக்கப் பூசணத்தைப் போற்றிவைத்து, ஆடியில் முளைத்துவரும் பயிரின் வேருக்கு வழங்குகிறது, விதைநெல்லைக் குதிரில் வைத்து அடுத்த பட்டத்துக்குக் கொடுப்பதைப் போல. மரவேர் கலப்பை எட்டாத ஆழத்துக்கும் போகிறது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்துக் காப்பித் தோட்டங்களில் இரீன் கார்டோசோவும் குழுவினரும் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகிறது: மரங்களோடு வளர்த்த காப்பி நிலத்தின் ஆழமான அடுக்குகளில், காப்பி மட்டும் வளர்த்த நிலத்தைவிடப் பூசண வித்துகள் கூடுதலாக இருந்தன. கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் வேளாண்காடு ஆய்வுப் பண்ணையில் மர வரிசைகளுக்கு நடுவே பயிர்செய்த நிலத்தையும் மரமில்லா நிலத்தையும் மரபணு முறையில் ஒப்பிட்டபோது, முன்னதில் உட்பூசண வகைகள் அதிகமாக இருந்தன. சில வகைகள் அங்கே மட்டுமே இருந்தன. ஆப்பிரிக்கச் சிறு விவசாயிகளின் மக்காச்சோள நிலங்களில் கிளைரிசிடியா மரத்தை ஊடே நட்ட இடங்களில் உட்பூசணம் பெருகியது, மண்கட்டி உறுதிப்பட்டது என்று 2021இல் ஓர் ஆய்வு வந்தது. நம் நாட்டில் ஜோத்பூரின் மத்திய வறண்டநில ஆய்வு நிறுவனத்தார் ராஜஸ்தானத்து வேப்பமரக் கொல்லைகளில் உட்பூசணத்தின் பலவகை இனங்களைப் பதிவுசெய்து 2004இல் வெளியிட்டார்கள். பல நாட்டு மண், பல வகை மரம். கிடைத்த சான்று ஒரே பக்கம் சாய்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. தாய்மரம் தன் குஞ்சு மரங்களுக்குப் பூசண இழை வழியே பாலூட்டுகிறது, காடு முழுவதும் ஒரு வலைப்பின்னலாகப் பேசிக்கொள்கிறது என்றெல்லாம் பத்தாண்டுகளாகப் பத்திரிகைகளிலும் திரைகளிலும் கதை பரவியிருக்கிறது. 2023இல் ஜஸ்டின் கார்ஸ்ட்டும் இரு சக ஆய்வாளர்களும் அந்தச் சான்றுகளை மறுபடி சோதித்து, காட்டில் நேரடியாக நிறுவப்பட்டதைவிட மிக அதிகமாகச் சொல்லப்பட்டுவிட்டது என்று காட்டினார்கள். என் வாதத்துக்கு அந்தக் கதை தேவையில்லை. மரம் பயிருக்குப் பாலூட்டத் தேவையில்லை. பூசணம் செத்துப்போகாமல் ஆடி வரை இருந்தால் போதும். மீதியைப் பயிரின் வேரே பார்த்துக்கொள்ளும். முளைத்த வேர் தன் இருப்பை ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற வேதிப்பொருளைக் கசியவிட்டு அறிவிக்கிறது, அதை உணர்ந்த பூசண இழை கிளைவிட்டு வேரைத் தேடுகிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005இல் கண்டறிந்தார்கள். தேடுவதற்கு இழை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இனி, எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது நம் மரபிலிருந்தே வருகிறது. கோடை உழவு வேளாண்மையின் அடிப்படைப் பாடம். நன்றாக உழுது மண்ணை உணக்கினால் எருவே வேண்டாம் என்ற பொருளில் திருக்குறளின் உழவு அதிகாரத்திலேயே ஒரு குறள் உண்டு. அப்படியிருக்க, கோடை உழவு பூசணத்தைக் கெடுக்கிறது என்று எப்படிச் சொல்வது? குறள் சொல்வது உண்மை. அதன் காரணத்தை இன்றைய மண்ணியலும் அறியும். கென்யாவில் பணியாற்றிய பர்ச் என்ற ஆய்வாளர் 1958இல் விரிவாகக் காட்டியபடி, நன்கு காய்ந்த மண் முதல் மழையில் நனையும்போது மண்ணுயிர்கள் திடீரென்று பெருகி மட்கைச் சிதைக்கின்றன. தழைச்சத்து ஒரே வீச்சில் வெளிப்படுகிறது. களையின் கிழங்கும் கூட்டுப்புழுவும் வெயிலில் சாகின்றன. இந்த நன்மைகளை விட்டுக்கொடுக்கச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, தேவையும் இல்லை. ஆனால் இப்படி வெளிப்படுவது பெரிதும் தழைச்சத்து. மல்லாட்டை தனக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பகுதியை வேர்முடிச்சில் தானே தயாரித்துக்கொள்ளும். அந்த முடிச்சுக்கு வேண்டிய மணிச்சத்துதான் அதற்குத் தட்டுப்பாடு. கொல்லையின் நடுப்பகுதியை உழுது உணக்கிக்கொண்டு, வரப்போரத்தில் மரவேர் ஓடும் பட்டையை மட்டும் உழாமல் விட்டால், குறள் சொன்ன பலனும் கிடைக்கும், பூசணமும் பிழைக்கும். மரமில்லாத வெற்றுக்கொல்லையில் முழுக்க உழுவதா விடுவதா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். வரப்பில் மரம் நின்றால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது எதிர்வாதத்தை எந்த விவசாயியும் சொல்வார்: மரத்தடியில் பயிர் வராது. மரம் தண்ணீரை உறிஞ்சும், நிழல் விழும், மகசூல் குறையும். இதை மறுப்பவர் கொல்லையைப் பார்க்காதவர். ஆய்வும் விவசாயியின் பக்கம்தான் பேசுகிறது. ஆழவேர் கொண்ட துவரையையும் மேல்வேர் கொண்ட கேழ்வரகையும் சேர்த்து வளர்த்து, இந்திய, சுவிஸ் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஒரு சோதனையின் முடிவு இருமுனைக் கத்தி போன்றது. ஈரம் போதுமான அளவு இருந்தபோது துவரை கேழ்வரகோடு கடுமையாகப் போட்டியிட்டது. வறட்சி வந்தபோது அதே துவரை பக்கத்தில் இருந்த கேழ்வரகு தாங்கிப் பிழைத்தது. அதே ஆய்வுக்குழுவின் வேறொரு கள ஆய்வு பெங்களூரிலும் நம் கொல்லிமலையிலும் நடந்தது. அங்கே துவரையோடு கேழ்வரகை ஊடுபயிராக வைத்து உட்பூசணமும் பாக்டீரியாவும் இட்டபோது, உரத்தைக் குறைத்தும் விளைச்சல் கூடியது. துவரை மரம் இல்லைதான், ஆனால் ஆண்டுக்கணக்கில் நிற்கக்கூடிய ஆழவேர்ப் புதர். மரத்துக்கு நெருங்கிய சாட்சி. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: வாய்க்கால் தண்ணீர் தாராளமாகப் பாயும் நிலத்தில் மரத்துக்கான வாதம் பலவீனமானது. மழை பொய்க்கும் கொல்லையில் அது வலுவானது. மரத்தின் ஓரத்தில் இரண்டு பாத்தி குறைந்து விளைவதை ஏற்றுக்கொண்டு, மொத்தக் கொல்லையில் கெட்ட ஆண்டில் கிடைக்கும் விளைச்சலைக் கணக்குப் பார்க்க வேண்டும். நல்ல ஆண்டின் கணக்கை மட்டும் பார்த்து மரத்தை வெட்டுவது மானாவாரியில் பிழையான கணக்கு.

பூசணம்தான் தேவை என்றால் அதைப் பொட்டலமாகவே வாங்கிப் போட்டுவிடலாமே என்பது மூன்றாவது எதிர்வாதம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் முதல் தனியார் கடைகள் வரை வேம் உயிர் உரம் கிடைக்கிறது. இந்தத் துறையில் தமிழ்நாடு பின்தங்கியதும் இல்லை. ஆசியாவின் முதல் வேர்ப்பூசண மாநாடு 1988 ஜனவரியில் சென்னையில்தான் நடந்தது. நாற்றங்காலில் பையில் வளரும் மரக்கன்றுக்கு வேம் இடுவது மிக நல்லது. சிறிய அளவு மண், புதிய வேர், கைக்கு அருகில் பராமரிப்பு. விரிந்த வயலில் நிலைமை வேறு. உலகெங்கும் விற்கப்படும் இத்தகைய பொருள்களைச் சேகரித்துச் சோதித்த 2022ஆம் ஆண்டின் ஓர் ஆய்வில், அவற்றில் பெரும்பாலானவை பூசணமற்ற மண்ணில்கூட வேரில் ஏறவில்லை. தரமான பூசணமே இட்டாலும் பலன் மண்ணுக்கு மண் மாறும். சுவிட்சர்லாந்தில் 54 மக்காச்சோள வயல்களில் உட்பூசணம் இட்டுப் பார்த்து 2023இல் வெளிவந்த ஆய்வில் பயிர் வளர்ச்சி சில வயலில் 12 விழுக்காடு குறைந்தது, சில வயலில் 40 விழுக்காடு வரை கூடியது. மண்ணில் முன்பே எந்தெந்தப் பூசணங்கள் இருந்தன, குறிப்பாக நோய்ப்பூசணம் எவ்வளவு இருந்தது என்பதே பலனைத் தீர்மானித்தது. அதைவிட முக்கியமான ஒன்று: பொட்டலத்தில் வந்த பூசணத்துக்கும் கோடையில் உயிருள்ள வேர் வேண்டும். ஆடியில் காசு கொடுத்து வாங்கிப் போட்டதை, அடுத்த தையிலிருந்து பட்டினி போட்டால், மறு ஆடியில் மீண்டும் வாங்க வேண்டும். வரப்பில் நிற்கும் மரம் அந்தச் செலவை ஒருமுறையோடு நிறுத்தக்கூடியது.

கடைசி எதிர்வாதம் அறிவியலாளர்களிடமிருந்தே வருகிறது, அதுதான் கனமானது. மேகன் ரயன், ஜேம்ஸ் கிரகாம் என்ற இருவர் 2018இல் ‘நியூ ஃபைட்டாலஜிஸ்ட்’ இதழில், பயிர் நிர்வாகத்தில் விவசாயி உட்பூசணத்தின் அளவையோ வகையையோ பொருட்படுத்த வேண்டும் என்பதற்குச் சான்று மிகக் குறைவு என்று எழுதினார்கள். அவர்கள் முக்கியமாகப் பார்த்தது கோதுமை போன்ற, உரம் போதுமான அளவு பெறும் பெரும்பண்ணைப் பயிர்களை. மறு ஆண்டே மத்தியாஸ் ரில்லிக் முதலானோர் அதே இதழில் மறுப்பு எழுதினார்கள்: விளைச்சல் ஒன்றை மட்டும் பார்க்காமல் மண்கட்டமைப்பு, சத்துவிரயம், வறட்சித் தாங்கல் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று. இந்த விவாதத்தில் எனக்கு ரயன் தரப்பின் கறார் பிடித்திருக்கிறது. மணிச்சத்து அதிகமான மண்ணில் செடியே பூசணத்தை ஒதுக்கிவிடும் என்பது உறுதியாக அறிந்த ஒன்று. ஆண்டுதோறும் மூட்டை மூட்டையாக மணிச்சத்து உரமான டி.ஏ.பி. போடும் நிலத்தில் மரம் நட்டுப் பூசணத்தை வளர்க்கப் பார்ப்பது வீண்வேலை. ஆனால் அந்தக் கறாரான முடிவை மணற்சாரியான, மட்குக் குறைந்த, மானாவாரி மல்லாட்டைக் கொல்லைக்கு அப்படியே கொண்டுவர முடியாது. தூவியுள்ள கோதுமை வேருக்குப் பூசணம் கூடுதல் வசதி. தூவியற்ற மல்லாட்டை வேருக்கு அது கைகால்.

எந்த மரம் என்ற கேள்வியில் என் விருப்பத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன்: முதலில் பனை. பனையினத்து வேரிலும் பொதுவாகத் தூவி கிடையாது. அதனால் அதுவும் உட்பூசணத்தைச் சார்ந்தே வாழ்கிறது. உச்சியில் மட்டும் ஓலை, கீழே நிழல் குறைவு, வரப்பைப் பிடித்து நிறுத்தும் வேர்க்கொத்து. மரக்காணம் வட்டாரத்து வரப்பில் முன்பே நிற்கும் பனைகளைச் செங்கல் சூளைக்குக் கொடுக்காமல் விடுவதுதான் இதில் மிக மலிவான வேலை. அடுத்து கருவேலம், உப்பு ஏறிய மண்ணுக்காக. கருவேலத்தின் வேரில் உட்பூசணம் ஏறும்போது செடிக்குள் சோடியத்தைவிடப் பொட்டாசியம் கூடுதலாக நின்று உப்பைத் தாங்குகிறது என்று டெல்லிப் பல்கலைக்கழகத்தார் 2007இல் காட்டினார்கள். பூவரசும் புங்கனும் உப்புக்காற்றைப் பொறுப்பவை. ஆண்டுக்கு ஒருமுறை கழித்துவிட்டால் தழையும் கிடைக்கும். இந்தக் கடலோரத்தின் பெரும் மரப்பயிர் சவுக்கு. அது உட்பூசணத்தோடு ஃப்ராங்கியா என்ற நுண்ணுயிரையும் வேரில் வைத்துத் தழைச்சத்தைச் சேர்க்கிறது. ஆனால் நெருக்கி நட்டு மூன்று நான்கு ஆண்டில் வெட்டும் சவுக்குத் தோப்பு பயிரோடு நிற்கும் மரம் ஆகாது. பயிருக்கு முன் நிற்கும் மரம். அதை வெட்டியதும் தாமதிக்காமல் மல்லாட்டையோ உளுந்தோ விதைத்தால், தோப்பு சேர்த்துவைத்த பூசணம் வீணாகாது; அடிக்கட்டையைத் தோண்டிப் போட்டுவிட்டு ஒரு கோடை முழுக்கக் காயவிட்டால் வீணாகும். உயிருள்ள வேர் போதும் என்றால் சீமைக் கருவேலும் போதுமே என்பார்கள். அதன் வேரிலும் உட்பூசணம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது வரப்பில் நிற்காது, வயலுக்குள் வந்துவிடும். உப்பளத்து ஓரங்களில் பச்சையாக நிற்கும் உமரியை நம்பவும் முடியாது. அந்தக் குடும்பத்துச் செடிகள் பெரும்பாலும் இந்தப் பூசணத்தை ஏற்பதில்லை. பச்சையாக இருக்கும் எல்லாம் பூசணத்துக்கு வீடு ஆகாது என்பதற்கு உமரியே போதிய சான்று.

வெள்ளத்தையும் சொல்லியாக வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டத்து வயல்கள் நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தன. காற்றுப் புகாத நீரடி மண்ணிலும் உட்பூசணம் மெலியும். அமெரிக்காவில் 1993இல் மிசிசிப்பி, மிசௌரி ஆறுகள் பெருகி வயல்களை மூழ்கடித்துப் பயிரில்லாமல் விட்டன. மறு ஆண்டு மக்காச்சோளம் மணிச்சத்துக் குறைவோடு குன்றியது. வெள்ளத்துக்குப் பிந்தைய நோய் என்றே அதற்கு அங்கே பெயர் வந்தது. காரணம் அதே பூசணப் பஞ்சம். நம் சம்பா வயல் ஆண்டுதோறும் மாதக்கணக்கில் நீரில் நிற்கிறது. நெல் அறுத்த ஈரத்தில் தூவும் உளுந்து, பூசணம் மிகக் குறைந்த மண்ணில்தான் முளைக்கிறது. வரப்பு நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறது. அங்கே வேர் சுவாசிக்கிறது, பூசணமும் சுவாசிக்கிறது. கோடையின் வறட்சிக்கும் கார்த்திகையின் வெள்ளத்துக்கும் தப்பிய ஒரே மண் வரப்பு மண். அந்த வரப்பையே செதுக்கி, ஒடுக்கி, களைக்கொல்லி அடித்து, அருகம்புல்கூட இல்லாத மொட்டை வரப்பாக வைத்திருப்பது வயலுக்குச் செய்யும் பெரும் கேடு. மரத்துக்கு இடமில்லாத வரப்பில் அருகு இருந்தாலும் அதன் வேரில் பூசணம் வாழும்.

மரம் நடச் சொல்வது எளிது, யார் நடுவது? இந்தப் பகுதியில் குத்தகைக்கு உழுபவர்கள் நிறையப் பேர். இந்த ஆண்டு வரப்பில் கன்று வைத்தால் அது பெரியதாகும்போது நிலம் யார் கையில் இருக்குமோ என்பது அவர்கள் கவலை. இந்திய அரசு 2014இல் தேசிய வேளாண்காடு கொள்கையை அறிவித்தது. அப்படி ஒரு கொள்கை வகுத்த முதல் நாடு நம் நாடு என்று பெருமையும் பேசினோம். வரப்பு மரத்தின் உரிமையில் நடுபவருக்கும் பங்கு எழுதிக்கொடுக்காத வரை அந்தக் கொள்கை குத்தகைதாரரின் கொல்லைக்குள் நுழையாது. அதுவரை அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, மரத்தின் வேலையைக் கொஞ்சமாவது செய்யும் குறுகிய காலச் செடிகள்: தையில் வெட்டாமல் கோடை முழுக்க நிற்க விடும் துவரை, வரப்போர ஆமணக்கு, அகத்தி.

இவ்வளவையும் இங்கேயே சோதித்துப் பார்க்கலாம் என்பது எனக்கு நம்பிக்கை தருகிறது. டி.எம்.வி. மல்லாட்டை ரகங்களைத் தந்த எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் பக்கத்தில் திண்டிவனத்திலேயே இருக்கிறது. ஆனி மாதம், விதைப்புக்கு முன், பனை வரப்புள்ள கொல்லை, பூவரசு வரப்புள்ள கொல்லை, மொட்டை வரப்புள்ள கொல்லை ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு, வரப்பிலிருந்து ஒரு மீட்டர், ஐந்து மீட்டர், பத்து மீட்டர், இருபது மீட்டர் தூரத்தில் மண் எடுக்க வேண்டும். ஒவ்வொரு மண்ணையும் தனித்தனித் தொட்டியில் இட்டு மல்லாட்டை விதைத்து, நாற்பதாம் நாள் வேரைக் கழுவி நீலச் சாயத்தில் நனைத்து, எத்தனை விழுக்காடு வேரில் பூசணம் ஏறியிருக்கிறது என்று எண்ண வேண்டும். கோடை உழவுக்கு முன்னும் பின்னும், மேல்மண்ணிலும் ஓரடி ஆழத்திலும் இதையே செய்ய வேண்டும். பக்கத்து மேல்நிலைப் பள்ளி மாணவர்கள்கூட ஒரு நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியும். ஒரு மீட்டரிலும் இருபது மீட்டரிலும், மர வரப்பிலும் மொட்டை வரப்பிலும் எண் ஒன்றாகவே வந்தால், நான் சொன்னது இந்த மண்ணுக்குப் பொருந்தாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தருகே எண் கூடி, தள்ளிப்போகப் போகக் குறைந்தால், எத்தனை மீட்டரில் குறையத் தொடங்குகிறதோ அதன் இரண்டு மடங்கு தூரத்துக்கு ஒரு மர வரிசை என்று நம் கொல்லைக்கு அளவு வைத்துக்கொள்ளலாம்.